எண்பது மில்லி பேவர் பிளாக்: லாரி நிற்கும் வாசலுக்குச் சரிப்படுமா?

எங்கள் டயர் கடை வாசலில் போட்ட பேவர் பிளாக் கல்லுக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார். அதை முதலில் போட்டுக் கொடுத்த குழுவுக்கு ஒன்று, அதுவும் ஆட்கள் காலையில் நேரத்துக்கு வந்தார்கள் என்பதற்காக. எல்லாவற்றையும் பிரித்தெடுத்து மறுபடி போட்ட குழுவுக்கு நாலு. இரண்டு தரப்பின் பெயரையும் எழுதப் போவதில்லை. அவர்கள் தரைக்கு அடியில் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறேன், உங்கள் ஊர் ஆளிடம் பேசும்போது உதவும்.

கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்தில் எங்களுக்கு லாரி டயர் கடை, கூடவே வீல் அலைன்மென்ட். நான் படித்தது டிப்ளமா சிவில், பார்ப்பது அப்பாவின் தொழில். பெங்களூருக்கும் சேலத்துக்கும் போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலை, வாலாஜா வழியாகச் சென்னை போகிற 48, ஊத்தங்கரை வழியாகத் திண்டிவனம் போகிற 77 என்று எல்லாம் நம் ஊரில் கூடுவதால் வண்டிக்குப் பஞ்சமில்லை. பர்கூர் கிரானைட் ஏற்றிய டாரஸ் லாரி வரும், ஓசூர் கம்பெனி லோடு வரும், மே மாதம் பிறந்தால் மாங்காய் லோடு வரும். கடை வாசல் 2,500 சதுர அடி இருக்கும்.

டயர் கடை வாசல் படுகிற பாட்டை ரோடுகூடப் படாது. ரோட்டில் சக்கரம் ஒரு நொடியில் உருண்டு போய்விடும். இங்கே லோடு வண்டி மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். டிரைவர் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்புவார், டயர் தரையைத் திருகும். அப்புறம் ஜாக்கி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அடிப்பாகத்தில் ஐந்தாறு டன் இறங்கும். இவ்வளவுக்கும் நடுவில் அலைன்மென்ட் பார்க்க வேண்டுமென்றால் தரை மட்டமாக இருந்தே ஆகவேண்டும். ஒரு பக்கச் சக்கரம் அரை அங்குலம் பள்ளத்தில் நின்றால்கூட எடுக்கிற அளவை நம்ப முடியாது.

முன்பு தார்தான் போட்டிருந்தோம். தாரின் குணம் என்னவென்றால், வேகமாக அடித்தால் கெட்டியாக எதிர்த்து நிற்கும், மெதுவாக அமுக்கிக்கொண்டே இருந்தால் நழுவிக் கொடுக்கும். சித்திரை வெயிலில் இன்னும் மோசம். மதியம் நின்ற லாரி சாயங்காலம் கிளம்பும்போது இரட்டை டயரின் தடம் அச்சாக விழுந்திருக்கும். ஜாக்கி வைத்தால் அதுவும் புதையும். போதாததற்கு டீசல் சொட்டு. டீசல் பட்ட இடத்தில் தார் கரைந்து இளகி ஜல்லி தனித்தனியாக வந்துவிடும். டோல்கேட்டில் வண்டி நிற்கிற லேன்களை மட்டும் கான்கிரீட்டில் போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள், காரணம் இதுதான். தொப்பூர் மாதிரி இறக்கங்களில் தாருக்கு இன்னொரு தொல்லை. லோடு வண்டிகள் பிரேக்கை அமுக்கிக்கொண்டே இறங்குகிற இடத்தில் மேல் அடுக்கு முன்பக்கமாகத் தள்ளப்பட்டு அலை அலையாகத் திரளும்.

கான்கிரீட்டை யோசிக்காமல் இல்லை. 28 நாள் பலம் ஏறுகிற வரை லோடு வண்டியை ஏற்றாதே என்பார்கள், அத்தனை நாள் கடையை மூட முடியாது. தண்ணீர்க் குழாயும் ஏர் லைனும் வேறு வாசலுக்கு அடியில் போகின்றன, ஏதாவது கசிந்தால் உடைத்துத்தான் பார்க்கவேண்டும். கான்கிரீட்டும் அசையாமல் கிடக்கிற பொருள் இல்லை. சூடு 30 டிகிரி ஏறினால் 100 மீட்டர் நீளம் சுமார் 3 சென்டிமீட்டர் நீளப் பார்க்கும். அதற்காகத்தான் நாலரை மீட்டருக்கு ஒரு வெட்டு என்று இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளியில் மண்ணும் பொடிக்கல்லும் அடைந்துவிட்டால் நீள இடமில்லாமல், கடும் வெயில் நாளில் இரண்டு பலகைகள் முட்டிக்கொண்டு கூரை மாதிரி எழும்பிவிடும். கடை வாசல் அளவுக்கு அந்தப் பயம் அதிகமில்லைதான். எனக்குக் குழாய்தான் பிரச்சினை.

ஆக பேவர் பிளாக். வாங்கியது 80 மில்லி கனம், எம்-40 தரம் (கல்லின் பலத்தைக் குறிக்கிற எண், எண் கூடினால் பலம் கூடும்), சிமென்ட் நிறம். ஐ.எஸ். 15658 என்ற தரக்குறிப்பில் எந்த இடத்துக்கு எந்தக் கனம் என்று தெளிவாக இருக்கிறது. நடைபாதைக்கு 50 மில்லி, லேசான வண்டி வருகிற இடத்துக்கு 60, நடுத்தரப் போக்குவரத்துக்கு 80, கனத்த போக்குவரத்துக்கு 100, அதற்கும் மேலே 120. கல்லை வாங்கும்போது பக்கவாட்டில் சின்ன முனைப்புக் கோடுகள் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கல்லுக்கு நடுவே 2 முதல் 4 மில்லி சந்து விடுவதற்காக அது. சந்தே இல்லாமல் நெருக்கிப் போட்டால்தான் உறுதி என்று பல மேஸ்திரிகள் சொல்வார்கள், நம்பாதீர்கள். அந்தச் சந்தில் இறங்குகிற மணல்தான் ஒரு கல் மேல் விழுந்த பாரத்தை நாலு பக்கத்துக் கல்லுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் தோளோடு தோள் இடித்து நிற்கிறவன் விழ நினைத்தாலும் விழ முடியாதல்லவா, அந்தக் கணக்கு. கூட்டத்தின் ஓரம் தளர்ந்தால் எல்லோரும் சரிவார்கள்.

2024 கோடையில் முதல் குழு வந்தது. கொட்டேஷனில் வெட் மிக்ஸ் (ஜல்லியும் கல்தூளும் தண்ணீரோடு கலந்து இறுக்குகிற அடித்தளம்) ஆறு அங்குலம், மேலே மணல், அதன்மேல் கல் என்று எழுதியிருந்தார்கள். பழைய தாரை ஜேசிபி வைத்து வழித்தார்கள், ரோலர் ஓட்டினார்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் நான் மாங்காய் சீசன் வேலையில் இருந்தேன். பளிச்சென்று போட்டு முடித்து, மேலே தண்ணீர் அடித்துக் கழுவிக் காட்டிவிட்டு, பாக்கியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆடி முடிவதற்குள் லாரி வந்து நிற்கிற தடத்தில் இரண்டு நீளப் பள்ளம், அதற்கு நடுவே மேடு. பள்ளத்தில் இறங்கிய மண் எங்கேயாவது போகவேண்டுமே, பக்கவாட்டில் பிதுங்கி நடுவில் எழும்பியது. ரோடு பக்கம் நேராக இருந்த வரிசைகள் வில்லாக வளைந்தன. மூன்றாம் வரிசையில் சந்து விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்தது. போன் செய்தால், "சார், லோடு வண்டி ஏத்துனா அப்படித்தான் சார் ஆகும்" என்றார் அந்த மேஸ்திரி. டயர் கடைக்கு லோடு வண்டி வராமல் வேறென்ன வரும்?

அப்புறம் வந்தது மழை. 2024 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் புயல். ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டி, பஸ் நிலையம் பக்கம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனதே, அந்த மழைதான். எங்கள் பக்கம் அந்த அளவு இல்லை. ஆனாலும் மழை விட்ட மறுநாள் லாரி ஏறியதும், சந்துகள் வழியாகச் சாம்பல் நிறத்தில் குழம்பு பீச்சிக்கொண்டு வெளியே வந்தது. பையன்கள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது, என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டதால்.

மணலுக்குப் பதில், கல் உடைக்கிற கிரஷரில் மிஞ்சும் தூளைப் போட்டிருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் கிரஷருக்குக் குறைவா, தூள் மலிவாகக் கிடைக்கும். அந்தத் தூளில் மாவு மாதிரியான பொடி அதிகம். பொடி தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வடிய விடாது. மேலே சக்கரம் ஏறும்போது கீழே தேங்கிய தண்ணீருக்கு ஓட வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பொடியையும் சேர்த்துக்கொண்டு சந்து வழியாக மேலே வரும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கை தூள் வெளியே போகிறது, அந்த அளவுக்கு அடியில் பொந்து விழுகிறது. தார் ரோட்டிலும் இதே கதைதான். விரிசல் ஓரத்தில் மழைக்குப் பிறகு வெள்ளையாகவோ சாம்பலாகவோ பொடி படிந்திருந்தால் அடித்தளம் கரைந்து மேலே வருகிறது என்று அர்த்தம். கொஞ்ச நாளில் அங்கே குழி விழும்.

தை பிறந்ததும் பிரித்தோம். முதல் குழுவைக் கூப்பிடவில்லை, பர்கூர் ரோட்டில் கல் அச்சடிக்கிற பட்டறைக்காரர் ஒருவரே ஆள் வைத்துப் போட்டுக் கொடுப்பதாகச் சொன்னார். கல்லைக் கழற்றியதும் உள்ளே இருந்ததைப் பார்த்து அவருடைய மேஸ்திரிக்கே சிரிப்பு. "என்னங்க்ணா, ஜல்லிய தூவி விட்டிருக்காங்க" என்றார். ஆறு அங்குல வெட் மிக்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு அங்குலம்கூட இல்லை. குறைந்த உயரத்தைக் கிரஷர் தூளால் ஈடுகட்டியிருந்தார்கள், சில இடங்களில் நாலு அங்குலம். கல்லுக்குக் கீழே மணல் 20 முதல் 40 மில்லிக்குள் இருக்கவேண்டும். அது கல்லை உட்காரவைக்கத்தான், பாரம் தாங்க அல்ல. கனமாகப் போட்டால் அமுங்கும், கனம் இடத்துக்கு இடம் மாறினால் அமுங்குவதும் இடத்துக்கு இடம் மாறும்.

கிழக்கு மூலையில் இன்னொரு அதிசயம். வாசல் முழுக்க நல்ல செம்மண், கொஞ்சம் சுக்கான் கல் கலந்தது. அந்த மூலையில் மட்டும் கருப்புக் களிமண். பக்கத்து மனையில் அப்போது தோண்டிக் கொட்டியிருந்த மண்ணை அள்ளிப் பள்ளத்தை நிரவியிருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் பெரும்பாலும் செம்மண் என்பதால் நாம் மண்ணைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆனால் கரிசல் திட்டுத் திட்டாக எங்கேயாவது வரும். அது தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மேலே எவ்வளவு நல்ல கல் போட்டாலும் தூக்கும். கரிசல்காட்டு ரோடுகளில் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி, ரோட்டோடு கூடவே நீளமாக ஒரு விரிசல் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ரோட்டின் நடுவில் தார் மூடியிருப்பதால் அடிமண்ணின் ஈரம் அதிகம் மாறாது. ஓரத்து மண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிறது. நடு நிற்கிறது, ஓரம் ஏறி இறங்குகிறது, இரண்டும் சேருகிற இடத்தில் கிழிகிறது. எங்கள் மூலையில் மழைக்குப் பிறகு கல் மேலே தூக்கியதும் அதனால்தான். நான் முதலில் ஓரத்துப் புளியமர வேர் என்று நினைத்தேன். பாவம், மரம் எதுவும் செய்யவில்லை.

இரண்டாவது குழு செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், நாலு கொடுத்ததற்குக் காரணம் அதுதான். களிமண்ணை முழுக்க வாரி வெளியே ஏற்றினார்கள். கீழே எட்டு அங்குலம் கிராவல், அதன்மேல் பத்து அங்குலம் வெட் மிக்ஸ், அதையும் ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு அடுக்காக, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் காட்டி ரோலர் ஓட்டி. கனமாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டினால் மேல்பக்கம் இறுகும், அடி பொலபொலவென்று இருக்கும். அந்த அடி பிறகு லாரி பாரத்தில் இறுகும், தரை இறங்கும். குழாய் போடத் தோண்டி மூடிய தெருக்களில் பள்ளம் விழுவதும் இப்படித்தான், அடுக்கடுக்காக இடித்து மூடாததால்.

வாட்டத்தை வெட் மிக்ஸிலேயே கொடுத்துவிட்டார்கள். ஐம்பது அடிக்கு ஒரு அடி, வடிகால் பக்கமாக. அலைன்மென்ட் பார்க்கிற மேடை மட்டும் தனியாக மட்டம் வைத்துக் கான்கிரீட். அப்புறம் நாலு பக்கமும் ஓரத்துக்குக் கான்கிரீட் பீம். முதல் குழு அதற்குப் பதில் செங்கல்லை ஒரு வரி குத்துக்கல்லாக நட்டு சிமென்ட் பூசியிருந்தது. லாரி திரும்பும்போது தரையைப் பக்கவாட்டில் தள்ளுகிற வேகத்துக்குச் செங்கல் எம்மாத்திரம்? ஓரம் ஒரு அங்குலம் நகர்ந்தாலே சந்து விரியும், மணல் கீழே கொட்டும், கல்லுக்குக் கல் பிடிமானம் போகும். வரிசைகள் வில்லாக வளைந்தது அப்படித்தான்.

முப்பது மில்லி எம்-சாண்ட், சலித்தது. அதைச் சட்டம் வைத்து இழுத்த பிறகு ஒருத்தரையும் அதன்மேல் கால் வைக்க விடவில்லை, போட்ட கல்மேல் நின்றுகொண்டே அடுத்த கல்லைப் போட்டார்கள். முன்பு வரிசைகள் வண்டி போகிற திசையிலேயே நேராக இருந்தன. இந்த முறை மீன்முள் மாதிரிக் குறுக்கும் நெடுக்குமாக, 45 டிகிரியில். பிரேக் அடித்தாலும் ஸ்டியரிங் திருப்பினாலும் எந்தப் பக்கமும் நீண்ட நேர்ச்சந்து இல்லாததால் கல் நகர வழி கிடைக்காது. ஓரங்களில் வெட்டுக்கல் அதிகம் போகும், கூலியும் கூடும். கல்லை அதிரவைத்து இறுக்குகிற பிளேட் வைப்ரேட்டரை மணல் தூவுவதற்கு முன் ஒரு தடவை, தூவிக் கூட்டிய பின் மறுபடி, அதற்குப் பின் மணல் இறங்க இறங்க நிரப்பி மறுபடி. காய்ந்த மெல்லிய மணல்தான் சந்துக்குள் இறங்கும். ஈர மணலை மேலே கூட்டிவிட்டுப் போனால் அது தொப்பி மாதிரி வாயில் உட்கார்ந்திருக்கும், உள்ளே காலி.

ஒரு மாதம் கழித்து நான் கூப்பிடாமலே ஒரு மூட்டை மணலோடு ஆள் வந்து இறங்கிய சந்துகளை நிரப்பிவிட்டுப் போனார்கள். நாலாவது ஸ்டார் அதற்கு.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை. இடையில் கல் தீர்ந்து வேறு அச்சிலிருந்து கொண்டுவந்ததால் மேற்குப் பக்கம் நிறம் வேறாகத் தெரிகிறது. தோண்டிய களிமண்ணில் பாதியைக் கடைக்குப் பின்னாலேயே குவித்துவிட்டுப் போய்விட்டார்கள், நான்தான் டிராக்டர் வைத்து அள்ளினேன். செலவு முதல் குழு வாங்கியதைப்போல் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு, பழைய கல்லில் பெரும்பகுதியைத் திரும்பப் போட்டும் அவ்வளவு. கூடுதல் பணம் எல்லாம் மண்ணுக்கும் ஜல்லிக்கும் ரோலருக்கும் போனது.

லாரிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஏன்ணா, டோல் கட்டுறோம், வரி கட்டுறோம், ரோடு ஏன்ணா இப்படி ஆகுது?" காண்ட்ராக்டரைத் திட்டிவிட்டால் கேள்வி முடிந்துவிடும். நான் அவர்கள் வண்டியின் அச்சைக் காட்டுவேன். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா ஊரில் ரோடு போட்டு, அதன்மேல் லாரிகளை ஓட்டிக்கொண்டே இருந்து ஒரு பெரிய சோதனை செய்தார்கள். அதிலிருந்து வந்த கணக்கு: அச்சின் பாரம் எத்தனை மடங்கு ஏறுகிறதோ, ரோட்டின் சேதம் அதன் நான்காம் அடுக்கில் ஏறும். பாரம் இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. அச்சுக்கு அரை டன் வருகிற சின்னக் காரையும் 10 டன் வருகிற லாரியையும் வைத்துப் பாருங்கள், பாரம் 20 மடங்கு, சேதம் 1,60,000 மடங்கு. 2018-இல் நம் நாட்டில் நாலு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு அனுமதித்த பாரத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். ஏறியது எட்டில் ஒரு பங்கு. நான்காம் அடுக்குக் கணக்குப்படி சேதம் 60 சதவீதத்துக்கும் மேல் ஏறும். இது சட்டப்படி ஏற்றுகிறவருக்கு. கிரானைட் பிளாக்கை அதற்கும் மேலே ஏற்றி வருகிறவரிடம் இதைச் சொன்னால் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

சரி, வாசலுக்கு வருவோம். புதிய தரை ஒரு கோடையையும் ஒரு ஐப்பசி கார்த்திகையையும் பார்த்துவிட்டது. தடம் விழவில்லை, ஓரம் அசையவில்லை, மழைக்குப் பின் குழம்பு வரவில்லை. ஜாக்கி வைக்கிற இடத்தில் மட்டும் கல் தனித்தனியாக இறங்கும் என்பதால் அடியில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இரும்புத் தகடு போட்டே வைக்கிறோம். இதைத் தரையின் குறையாகத்தான் எழுதுகிறேன், கல்லுக்கு ஒரு ஸ்டார் குறைந்தது இதற்கு. வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைத் தரைக்கு நேராகப் பிடித்து அடிக்கக் கூடாது, சந்து மணல் பறந்துவிடும். எறும்பும் அதே மணலைத்தான் வெளியே எடுத்துக் குவிக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய? அவ்வப்போது மணலைக் கூட்டிவிடுகிறோம்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஏர் லைனை மாற்றத் தோண்டிய இடம் அது, நம் பையன்களே மூடினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இருபது கல்லைக் கழற்றி, ஜல்லி போட்டு இடித்து, திரும்பவும் அதே கல்லை வைத்துவிடலாம். தாரிலும் கான்கிரீட்டிலும் இந்த வசதி கிடையாது.

வீட்டு வாசலில் கார் நிறுத்துகிறவர்களுக்கு 60 மில்லியே போதும், கீழே ஜல்லியைக் குறைக்காமல் இருந்தால். எங்களைப் போல லோடு வண்டி அளவாக வந்து நிற்கிற இடத்துக்கு 80. கிரானைட் யார்டு, மாம்பழக்கூழ் பேக்டரி, எடைமேடை மாதிரி நாள் முழுக்க டாரஸ் திரும்புகிற இடம் என்றால் 100 மில்லி, எம்-50 கேளுங்கள். கொட்டேஷனில் கல்லின் விலையோடு வெட் மிக்ஸின் கனத்தையும் ஓரத்து பீமையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். கல் போடுவதற்கு முந்தின நாள் நாலு இடத்தில் கடப்பாரையால் குழி எடுத்து டேப் வைத்து அளந்துகொள்வேன் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பட்டறைக்காரர் அதற்குச் சரி என்றார். முதல் குழுவின் மேஸ்திரியிடம் ஒரு நண்பருக்காக இதையே கேட்டுப் பார்த்தோம், அதற்குப் பிறகு அவர் போனை எடுப்பதில்லை.